ஈரப்பலா நின்ற இடம்

நாலு மூட்டை போதாது. போதாமல் போனால் இதே வழியால் இன்னொரு தடவை வரவேண்டும்... வரமாட்டேன். இந்த நாலுக்குள் முடிந்துவிட வேண்டும். வேரோடு. ஒரு நூல்கூட மிச்சமில்லாமல்.

ஆகிலா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆட்டோவின் பின் இருக்கையில், உமி மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தி மஃரிப் தொழுகைக்கு அரை மணித்தியாலம் இருக்கும். மாவடிப்பள்ளியிலிருந்து காரைதீவுக்கு வரும் வயல் வீதி. அறுவடை முடிந்து இரு பக்கமும் மொட்டையாகக் கிடந்தது. ஒரு மாடுகூட இல்லை. காற்றும் நின்றுவிட்டிருந்தது.

மில்லில் ஏற்றும்போது மூட்டைகள் குளிர்ந்துதான் இருந்தன. ஈர உமியில் நெருப்பு ஏறாது என்று சொல்லியிருந்தார்கள்; அதனால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத்தான் எடுத்தாள். பாலம் தாண்டியதும், தோளோடு சாய்ந்திருந்த மூட்டை மெல்லச் சூடேறியது. வெயிலின் சூடு இல்லை. காய்ச்சல்காரி ஒருத்தி களைத்துப்போய்த் தோளில் தலை சாய்த்தால் எப்படி இருக்கும்... அந்தச் சூடு.

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். மூட்டையும் நகர்ந்து வந்தது. பள்ளம் விழுந்த வீதிதானே, நகரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வீடு வரும்வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கிட்ட வாருங்கள். கறன்ட் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டிய கதை இது. வெளிச்சத்தில் கேட்டால் ஆகிலாவுக்கு விசர் என்பீர்கள். விசரில்லை. சாய்ந்தமருதில் பள்ளிக்கூட டீச்சர். நம் ஷிப்லிக்கு மாமி முறை. ஷிப்லியின் உம்மாவிடம் அவளே தன் வாயால் சொன்னது.

நம் பக்கத்தில் வீடு இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. உம்மாவின் வளவில் மகளுக்கு வீடு எழும்பும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். ஆகிலாவின் வாப்பாவுக்கு இரண்டு பெண்கள், ஒரே வளவு. மூத்தவள் ஆகிலாவுக்கு முன்வீட்டைக் கொடுத்தார். அப்போதே அவருக்கு உடம்பு சரியில்லை. முழு வளவையும் அவள் பெயரில் எழுதிவிட்டு, "பின்பாதி தங்கச்சிக்கு, மகள். அவளுக்குக் காலம் வந்தா நீதான் எழுதிக் குடுக்கணும்" என்றார். ஓம் என்றாள். அந்த வருஷமே அவர் கண்மூடி மவுத்தானார்.

தங்கச்சியின் பெயர் லைலா. அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில், ஈரச்சாக்கில் சுற்றி, விரல் மொத்தத்தில் ஒரு ஈரப்பலாக் கன்று கொண்டுவந்தாள். பின்பாதியின் நடுவில் நட்டாள். நட்டுவிட்டு, ஈர்க்கில் ஒன்றை முறித்து மணலில் தன் வீட்டைக் கீறினாள். ஒரு மண்டபம், ஒரு அறை, ஒரு குசினி.

"வாசல் எங்க?" என்று ஆகிலா கேட்டாள்.

"ரோட்டப் பாத்த வாசல் வேணாம் ராத்தா. கடற்காத்து வாற பக்கம் வாசல வைப்பம். வாசல்ல நிழலுக்குத்தான் இந்த மரம்."

"மாப்புள ஊட்டார் ரோட்டால வந்து, ஊட்டச் சுத்தித்தான் உள்ள வரணுமா?"

"சுத்தி வரட்டுமே. சும்மாவா புள்ள தாறம்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னேரம் அஸருக்குள் கோழிகள் கிளறி அந்தக் கோடுகளை அழித்துவிட்டன. லைலாவைத் தவிர அந்தக் கோடுகளைக் கண்டது ஆகிலா மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல மனிதர்கள். "அத்திவாரம் போட்டாக் காணும், மத்தத நாங்களும் சேந்து பாப்பம்" என்றார்கள். ஆகிலா, காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றாள். உறுதியில் ஒரு சிக்கலும் இல்லை. அவளுடைய மகள் நஜ்லாவுக்கு அப்போது இரண்டு வயது. காலையில் ஆகிலா பள்ளிக்கூடம் போனால் பிள்ளையைக் குளிப்பாட்டுவது லைலா, சோறு தீத்துவது லைலா, தூங்கவைப்பது லைலா. அவள் தனக்கென்று ஒரு அடுப்பு மூட்டிவிட்டால்... ஆகிலா அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை.

இன்னொரு சம்பந்தம் வந்தது. அடுத்த வருஷம். மூன்றாவதும் வந்தது. லைலா ஒருநாளும் கேட்கவில்லை. மரம் வளர்ந்தது, காய்த்தது. பிறகு ஒரு காய்ச்சல். நாலே நாள். இருபத்தொன்பது வயதில், குமராகவே மவுத்தானாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஆட்டோவில் ராத்தாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "புள்ள சாப்பிட்டாவா?" என்று மட்டும் கேட்டாளாம்.

அது பதினாலு வருஷத்துக்கு முந்திய கதை.

போன வருஷம் நஜ்லாவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை சப்ரி. கலியாணத்துக்குள் வீடு எழும்ப வேண்டும். இடம் எது? பின்பாதிதான். வேறு ஏது? மரத்தை அறுத்தார்கள். அறுத்த இடத்தில் வெள்ளைப் பால் இரண்டு நாள் வடிந்தது. ஈரப்பலா அப்படித்தான். அறுத்தாலும் சாகாது, வேர் ஓடுகிற இடமெல்லாம் புதுக்குருத்து விடும். ஆகிலா அடிக்கட்டையில் துளை போட்டு உப்பைக் கொட்டினாள். கொதிதண்ணீர் ஊற்றினாள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய்... ஒரு குருத்தைக் கிள்ளினால் ஒரு முழம் தள்ளி இன்னொன்று நின்றது.

கத்தாரிலிருந்து புருஷன் காலிதீன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் கேட்பார்.

"ஒரு மரக்கட்டையோட மூணு மாசமா மல்லுக்கட்டுற? ஜேசிபியக் கூப்பிடு, ஒரு மணித்தியாலம்."

"ஒழுங்கைக்குள்ள ஜேசிபி வராது."

"அப்ப ஆள் புடி."

ஆள் பிடித்தாள். சீனித்தம்பி காக்கா என்று ஒருவர், ஊருக்கே அண்ணன் மாதிரி. அடிக்கட்டை கிளப்புவதே தொழில். அலவாங்கு, கோடரி, மண்வெட்டி மூன்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அவர் கட்டையைச் சுற்றிக் கிண்டி, வேரைப் பிடித்துக்கொண்டு போனார். பத்து மணிக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது நன்றாகப் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், இஞ்ச ஒருக்கா வாங்க."

போனாள். குழிக்குள் கை மொத்த வேர் ஒன்று, நேராக, நூல் பிடித்த மாதிரி ஓடியிருந்தது. பத்தடி. பிறகு...

"முப்பத்தஞ்சு வருஷமாக் கட்ட கிளப்புறன். வேர் வளையும், சுத்தும், கல்லக் கண்டா விலகும். மட்டம் வெச்ச மாதிரி மூலை திரும்பின வேர இண்டைக்குத்தான் பாக்கன்."

"அடியில கல்லு கிடந்திரிக்கும் காக்கா."

"கடற்கர மண்ணுல கல்லுக்கு எங்க போற?"

குசினி வாசலில் நின்ற நஜ்லா சிரித்தாள். "வேரே அத்திவாரம் போடுதாக்கும். அப்ப மேசன் பாஸ வர வேணாமெண்டு சொல்லட்டா, காக்கா?"

சீனித்தம்பி சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். கோடரியைத் துடைத்துச் சைக்கிளில் கட்டினார்.

"எனக்கு ஏலா டீச்சர். வெட்ட ஏலா எண்டில்ல. வெட்ட மனம் வரல்ல. உமி போடுங்க. கட்டையச் சுத்தி உமியக் கொட்டி, மேல செரட்டத் தணலப் போட்டு மூடி விடுங்க. எரியாது, புகையும். நெருப்பு வேருக்குள்ளாலயே நடந்து போகும். எட்டு நாளையில எல்லாம் சாம்பல்."

போகும்போது, கூலியும் வாங்காமல், வாசலில் நின்று இன்னொன்று சொன்னார்.

"நெருப்பு போற வழியில புள்ளையப் போக விடாதீங்க."

அன்றைக்கு அஸருக்குப் பிறகு ஆகிலா தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினாள். மேலிருந்து பின்வளவு முழுவதும் தெரிந்தது. குருத்துகளும் தெரிந்தன. தரையில் நிற்கும்போது அங்கொன்று இங்கொன்றாகத் தெரிந்தவை... மேலிருந்து பார்க்க, வரிசையாக நின்றன. நீளத்துக்கு ஒரு வரிசை. அது மூலை திரும்பி அகலத்துக்கு ஒன்று. நடுவில் குறுக்கே ஒன்று. பின்மூலையில் சின்னதாக ஒரு சதுரம். ஒரு மண்டபம், ஒரு அறை, ஒரு குசினி.

கடல் பக்கம் மட்டும் மூன்றடிக்குக் குருத்து இல்லை.

கோழி கிளறிப் பதினேழு வருஷமான கோடு. அடுத்த நாளே உமி தேடி மாவடிப்பள்ளிக்குப் போனது அதனால்தான்.

அன்று இரவே நெருப்பு வைத்தாள். சீனித்தம்பி சொன்னபடி எரியவில்லை, புகைந்தது. முதல் இரண்டு நாளும் கட்டையின் தலையில் மட்டும் புகை. மூன்றாம் நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனவள், வாளியைக் கீழே வைத்துவிட்டாள். குருத்து நின்ற ஒவ்வொரு துளையிலிருந்தும் நூல் மாதிரி ஒரு புகை. காற்றில்லை. எல்லா நூலும் நேராக, ஒரே உயரத்துக்கு எழும்பி நின்றன. ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம். சுவர் உயரம்.

வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். கோட்டின் மேல் மணல் சுட்டது. கோட்டுக்கு வெளியே குளிர். உள்ளே ஒரு காலை வைத்தாள்... உள்ளே குளிருமில்லை, சூடுமில்லை. ஆள் இருக்கிற வீட்டின் தரை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. காலை இழுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. நஜ்லா தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். ளுஹர் தொழுதுவிட்டு ஆகிலா சற்றுச் சாய்ந்தாள். பின்வளவில் யாரோ கூட்டினார்கள். சர்... சர்... சர். ஈர்க்குத் தும்புத்தடி. கூட்டி முடித்து, தும்புத்தடியின் அடியை உள்ளங்கையில் தட்டிச் சமன் செய்யும் சத்தம். டக். டக். டக். பிறகு சட்டி மூடியை நகர்த்தும் சத்தம். மஞ்சள் தடவி ஈரப்பலா பொரிகிற வாசம் ஜன்னலால் வந்தது.

வேர் எரிந்தால் அந்த வாசம் வரும் என்று அவள் தனக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். ஒருவருமில்லை. கோட்டுக்குள் மணலில் மட்டும், மூலையிலிருந்து வாசல்வரை, பிறை பிறையாகத் தும்புத்தடியின் அடையாளம்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பாள்? ஏன் சாச்சிக்கு வீடு கட்டவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. அதைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்வதை நினைத்தால், பின்வளவில் கேட்ட சத்தத்தைவிட அது அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தில்கூட ஒன்றை ஒளித்துவைக்க முடிகிறதே என்று தன்மேல் அருவருப்பு வந்தது. காவலுக்கென்று ஆயத்துல் குர்ஸி ஓதி நாலு மூலைக்கும் ஊதினாள்.

ஆறாம் நாள் நஜ்லா உடுப்புக் காயப்போட வாளியோடு பின்னுக்குப் போனாள். கொடி நேரெதிரே இருந்தது. பத்து எட்டு நடந்தால் போதும். அவள் நேரே போகவில்லை. கோட்டோரமாகச் சுற்றி நடந்தாள். கடல் பக்கம் போனாள். அந்த மூன்றடி இடைவெளியில் நின்று, செருப்பைக் கழற்றி, வலது காலை முன்வைத்து உள்ளே போனாள்.

"நஜ்லா!"

"என்ன உம்மா?"

"ஏன் சுத்திப் போறாய்?"

"எங்க சுத்தின? நேராத்தானே வந்த."

"செருப்ப ஏன் கழட்டின?"

நஜ்லா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். யாருடைய கால்களையோ பார்ப்பது மாதிரி. "தெரியா" என்றாள். பிறகு, மெதுவாக, "செருப்போட எப்படி உம்மா உள்ள வாற?" என்றாள்.

அன்று முதல் மகளைத் தன் கட்டிலிலேயே படுக்கவைத்தாள். கதவைப் பூட்டித் திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். எட்டாம் நாள் சுபஹு பாங்குக்கு எழும்பியபோது பக்கத்தில் யாருமில்லை. திறப்பு தலையணைக்குக் கீழே இருந்தது. கதவு பூட்டியபடி இருந்தது.

எப்படித் திறந்தாள், எப்படி ஓடினாள் என்று தெரியாது. புகை அன்றைக்கு நூலாக இல்லை. நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தன. வெள்ளையடித்த சுவர் மாதிரி. குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம், அறை இருக்க வேண்டிய இடத்தில், மணலில் நஜ்லா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நல்ல தூக்கம். உதட்டில் சிரிப்பு. ஆகிலா சுவர் என்று பார்க்கவில்லை; அதற்குள்ளால் பாய்ந்து மகளைத் தூக்கினாள். கை சுட்டது.

"எப்படிகா இஞ்ச வந்தாய்? எப்படி வந்தாய்?"

நஜ்லா கண்ணைக் கசக்கினாள். "ஏன் உம்மா கத்துறீங்க? அறைக்குள்ள படுத்தன். பாய் விரிச்சுக் கிடந்திச்சி."

"எந்தப் பாய்? எந்த அறை?"

"தலையத் தடவித் தடவி..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். சுற்றிப் பார்த்தாள். வெறும் மணலைக் கண்டாள். அப்போதுதான் உம்மாவின் கையைப் பிடித்தாள்.

அங்கே பாய் இல்லை. ஆனால் பிள்ளையின் கன்னத்தில், கையில், ஒரு பக்கம் முழுக்க... பன்பாயின் பின்னல் வரிவரியாகப் பதிந்திருந்தது.

காலை ஏழு மணி பஸ்ஸில் நஜ்லாவை அக்கரைப்பற்றில் மாமி வீட்டுக்கு அனுப்பினாள். பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. யோசித்தாள். பதினாலு வருஷமாக யோசிக்காததையெல்லாம் சேர்த்து யோசித்தாள். தங்கச்சிக்கு என்ன வேண்டும்? வீடு வேண்டும். அவளுடைய பாதியில் நான் அத்திவாரம் வெட்டப் போகிறேன், அதைத்தானே தடுக்கிறாள். கொடுத்துவிடுவோம். கலியாணம் நின்றால் நிற்கட்டும். காலிதீன் ஏசினால் ஏசட்டும்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன், தலையில் முக்காடு இட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். குறுக்கால் போகவில்லை. சுற்றிப் போனாள். கடல் பக்கம் வந்து, அந்த இடைவெளியில் நின்றாள். புகைச் சுவர் இரு பக்கமும் அசையாமல் நின்றது. நடுவில் இருட்டு. ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினாள். ஆறு வயதில் மனனம் செய்தது. மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டது. அடுத்த சொல் எது...? திரும்பத் தொடங்கினாள். திரும்பவும் அதே இடத்தில் நின்றது.

"லைலா" என்றாள். பதினாலு வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. "லைலா, பின்பாதி உன்ட. நான் ஒண்டும் கட்ட மாட்டன். உன்ட பேரால பள்ளிவாசலுக்கு எழுதி வெக்கிறன். உறுதியில சிக்கல் எண்டு சொன்னது பொய். எனக்கு... எனக்கு உன்ட உதவி வேணுமா இருந்திச்சி. அதுக்காக உன்ன வெச்சுக்கிட்டன்."

உள்ளே தும்புத்தடியைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. காலடி. மணலில் இல்லை, சீமெந்துத் தரையில் நடக்கும் காலடி. அது வாசலுக்கு வந்து நின்றது. ஆள் இல்லை. சூடு மட்டும் இருந்தது. முகத்துக்கு நேரே.

"அது இரிக்கட்டும் ராத்தா."

கோபமான குரலில்லை. அதுதான் ஆகிலாவால் இன்றைக்கும் தாங்க முடியாதது. வேலை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதைக்கிற குரல்.

"வளவ ஒங்களுக்கே வெச்சுக்கங்க. ஊடு எனக்கு இரிக்கி. நானே கட்டிட்டன், பாருங்க... குசினியும் சரி. ஊட்டக் குடுக்க ஒரு மகள்தான் எனக்கு இல்ல."



"நஜ்லாவத் தாங்க ராத்தா. நான் வளத்த புள்ளதானே."

தொண்டைக்குள் ஒரு பதில் தானாகவே எழும்பி வந்தது. இனிப்பான பதில். எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய 'அடுத்த வருஷம் பார்ப்போம்'... அதைச் சொன்னால் அந்தக் குரல் போய்விடும், அவளுக்குத் தெரியும். லைலா எப்போதும் நம்பினாள், இப்போதும் நம்புவாள். நம்பிக் காத்துக்கொண்டிருப்பாள். பாயை விரித்து வைத்துக்கொண்டு, வருஷம் வருஷமாக.

ஆகிலா அந்தப் பதிலை விழுங்கினாள்.

"இல்ல, லைலா" என்றாள்.

சத்தம் போடவில்லை. அழவுமில்லை. பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

பள்ளியில் பாங்கு தொடங்கியது. அது முடியும்போது புகை இல்லை. காலையில் பார்த்தால், அடிக்கட்டை இருந்த இடத்தில் வெள்ளைச் சாம்பல் ஒரு குழி. அவ்வளவுதான். வேர் ஓடிய வழியெல்லாம் மண்ணுக்குள் வெறும் குழாய். அதற்குப் பிறகு ஒரு குருத்துக்கூட வரவில்லை. பின்பாதியை அவள் பள்ளிவாசலுக்கு எழுதிக் கொடுத்தாள். நஜ்லாவின் கலியாணம் அக்கரைப்பற்றில் வாடகை வீட்டில் நடந்தது. வீடில்லாமல் பெண் எடுத்தோம் என்று சப்ரியின் உம்மா இன்றைக்கும் சாடை பேசுவாள். மகள் பார்க்க வந்தாலும் ஆகிலா அவளை முன்வாசலைத் தாண்டி உள்ளே விடுவதில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். முடியவில்லை.

அந்தக் குரல் ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குக் கேட்கிறது. அதே கேள்வி. அதே நிதானம். முதல் மாதம் பின்வளவின் நடுவிலிருந்து கேட்டது. நோன்பு காலத்தில் கிணற்றடிக்கு வந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குசினிக் கதவுக்கு அந்தப் பக்கம். ஷிப்லியின் உம்மா போன கிழமை போயிருந்தபோது, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஆகிலா திடீரென்று கேத்திலை வைத்துவிட்டு, எந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பாமலே, "இல்ல" என்றாளாம். வேறொருவரும் அங்கே இல்லை. கேட்டதற்குத்தான் இத்தனையும் சொல்லியிருக்கிறாள்.

இன்று காலையில் ஷிப்லியின் உம்மாவுக்கு அவளே போன் எடுத்துச் சொன்னது இது. நேற்று மஃரிப் தொழுகையில், அவள் கடைசி இருப்பில் உட்கார்ந்திருந்தாள். தொழுகையை முடிக்க வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தாள். இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள், தொழுகைப் பாயின் இடது ஓரம் மெல்ல அமிழ்ந்தது... பக்கத்தில் ஒருத்தி முழங்கால் மடித்து உட்கார்ந்தால் அமிழ்கிற மாதிரி.

கேள்வி காதுக்குள் கேட்டது.

ஆகிலா கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் திரும்பினாள். ஸலாம் கொடுத்து முடித்தாள். பிறகு, கண்ணைத் திறக்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"இல்ல."